சிறிய பந்தய எக்ஸ்சேஞ்சுக்கு பிரிட்டனில் உரிமம் பெற்ற அனுபவம்

பிரிட்டனில் இணையவழிப் பந்தய எக்ஸ்சேஞ்ச் நடத்த விரும்புபவர், 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டப்படி, பர்மிங்காமில் உள்ள சூதாட்ட ஆணையத்திடம் பந்தய இடையீட்டாளர் உரிமம் பெற வேண்டும். லண்டனில் ஒரு சிறு நிறுவனத்தில் விதி இணக்கத்துக்குப் பொறுப்பாக இருந்த நான், அந்த உரிமத்துக்கு விண்ணப்பித்தது முதல் பிற்பாடு அதைத் திருப்பி ஒப்படைத்தது வரை எல்லாக் கட்டங்களிலும் உடனிருந்தேன். இதே வழியில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் அங்கே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்துவிட்டது.

புக்மேக்கர் வாடிக்கையாளருக்கு எதிராகத் தானே பந்தயம் ஏற்கிறார். எக்ஸ்சேஞ்ச் அப்படிச் செய்வதில்லை. ஒரு குதிரை வெல்லும் என்று 'பேக்' செய்பவரையும், வெல்லாது என்று 'லே' செய்பவரையும் இணைத்துவிட்டு, வென்றவரின் நிகர லாபத்தில் கமிஷன் எடுக்கிறது. 2000இல் தொடங்கிய பெட்ஃபேர் இந்த முறையைப் பெரிய அளவில் நிலைநாட்டியது. பெட்டாக், ஸ்மார்க்கெட்ஸ், மேட்ச்புக் ஆகியவை பின்னர் வந்தன. எங்களுடையது இவற்றையெல்லாம் விட மிகச் சிறியது.

விண்ணப்பத்தோடு வணிகத் திட்டம், வரவு செலவு மதிப்பீடு, உரிமையாளர்கள் யார் யார் என்ற விவரம், பணமோசடித் தடுப்புக் கொள்கை, வாடிக்கையாளர் ஒப்பந்த விதிகள் எனக் கட்டுக்கட்டாக ஆவணங்கள் போக வேண்டும். முக்கியப் பதவிகளில் இருப்போர் தனித்தனியாக மேலாண்மை உரிமம் எடுக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் அத்தகைய பதவிகளில் மூன்று பேருக்கு மேல் இல்லாத நிறுவனத்தைச் சட்டம் சிறு அளவு நிறுவனமாகக் கருதி, அந்தத் தனி உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கிறது. அப்போதும் ஒவ்வொருவரும் தம் பின்னணி, நிதிநிலை, குற்றப்பதிவுச் சான்று ஆகியவற்றைத் தர வேண்டும். நாங்கள் மூவர் என்பதால் அந்த விலக்கு கிடைத்தது. நிதிப் பொறுப்புக்கென நான்காவது ஒருவரை நியமித்தால் அது போய்விடும் என்பதை முதலிலேயே கணக்கில் வைத்திருந்தோம்.

அதிக உழைப்பைக் கேட்டது முதலீட்டின் மூலத்தை நிரூபிப்பதுதான். எங்கள் முதலீட்டாளர்களில் ஒருவரின் பணம் குடும்பச் சொத்தை விற்று வந்தது. வங்கியில் பணம் இருப்பதைக் காட்டினால் மட்டும் போதாது. விற்பனைப் பத்திரம், அதற்கு முன் அந்தச் சொத்தை வாங்கிய ஆவணம், இடையில் பணம் எந்தெந்தக் கணக்குகள் வழியே வந்தது என்பது வரை வரிசையாகக் காட்ட வேண்டியிருந்தது. அந்தக் கேள்விகள் நியாயமானவை என்றே நினைக்கிறேன். கள்ளப் பணம் ஒரு எக்ஸ்சேஞ்சின் முதலீடாகவும் நுழையலாம், இரண்டு வாடிக்கையாளர்கள் பேசிவைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் தோற்பதன் வழியாகவும் கைமாறலாம். இந்த இரண்டாவது வழி புக்மேக்கரிடம் அநேகமாக இல்லை. ஆகவே ஒரே இணைய முகவரியிலிருந்து எதிரெதிர்ப் பந்தயங்கள் வருகின்றனவா, சந்தை விலைக்குச் சற்றும் பொருந்தாத விலையில் யாராவது பணத்தை விட்டுக்கொடுக்கிறார்களா என்று கண்காணிக்கும் நிரலை எழுதி, அதன் செயல்பாட்டை விண்ணப்பத்திலேயே விளக்கினோம்.

வாடிக்கையாளர் பணத்தைத் தனிக் கணக்கில் வைப்பது அடுத்த கட்டம். பந்தயத் தொழில் என்று சொன்னதுமே பல வங்கிகள் கணக்குத் திறக்க மறுத்தன. ஒரு வங்கி எல்லா ஆவணங்களையும் வாங்கி வைத்துக்கொண்டு கடைசியில் காரணம் சொல்லாமல் கைவிரித்தது. நிறுவனம் திவாலானால் வாடிக்கையாளர் பணத்துக்கு என்ன பாதுகாப்பு என்பதை 'பாதுகாப்பு இல்லை', 'நடுத்தரம்', 'உயர்நிலை' என்ற மூன்று நிலைகளில் ஒன்றாக வாடிக்கையாளருக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சட்டப்படி முதல் நிலையே போதுமானது என்றாலும், நாங்கள் சுதந்திரமான அறங்காவலர் பொறுப்பில் இருக்கும் உயர்நிலைக் கணக்கைத் தேர்ந்தெடுத்தோம். 2021 மார்ச்சில் ஃபுட்பால் இண்டெக்ஸ் என்ற பந்தயத் தளம் சரிந்தபோது அதில் பணம் போட்டிருந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்த எவரும் இதில் சிக்கனம் பார்க்க மாட்டார்கள்.

உரிமம் கிடைத்தது. ஆனால் உரிமத்தால் சந்தைக்குள் பணம் வந்துவிடாது. வுல்வர்ஹாம்ப்டனில் ஒரு வார நாள் மாலைப் பந்தயத்தின் திரையை நினைத்துப் பாருங்கள்: ஒரு குதிரையை பேக் செய்ய 3.5 விலை (ஒரு பவுண்ட் வைத்து வென்றால் முதலோடு சேர்த்து 3.5 பவுண்ட் திரும்பும்), லே செய்ய 9, இரண்டுக்கும் நடுவில் யாரும் இல்லை. அதே நேரத்தில் பெட்ஃபேரில் அந்த இடைவெளி மிகச் சிறியதாக இருக்கும். எங்கள் கமிஷன் குறைவு என்று எத்தனை விளம்பரம் செய்தாலும், எதிர்ப்பக்கம் பணம் இல்லாத சந்தையில் குறைந்த கமிஷனால் யாருக்கும் பயன் இல்லை.

வருமானக் கணக்கும் கடுமையானது. ஒருவர் 10 பவுண்டை 5.0 விலையில் பேக் செய்தால், லே செய்தவர் 40 பவுண்டை ஒதுக்கி வைக்க வேண்டும். பேக் செய்தவர் வென்றால் அவருடைய லாபம் 40 பவுண்ட். 2 சதவீதக் கமிஷன் என்றால் எங்களுக்கு 80 பென்ஸ். தோற்றால் லே செய்தவரின் 10 பவுண்ட் லாபத்தில் 20 பென்ஸ். சந்தைக்கு உயிர் கொடுக்கும் டிரேடர்களிடம் இதைவிடக் குறைவாகவே தேறும்: 5.0இல் 10 பவுண்டை பேக் செய்து, விலை இறங்கியதும் 4.8இல் 10 பவுண்டை லே செய்பவருக்கு, குதிரை வென்றால் நிகர லாபம் 2 பவுண்ட், தோற்றால் ஒன்றுமில்லை. அவரிடமிருந்து எங்களுக்கு வருவது அதிகபட்சம் 4 பென்ஸ். கிடைக்கும் கமிஷனில் 15 சதவீதம் பந்தய வரியாகப் போனது. பிரிட்டிஷ் குதிரைப் பந்தயத் துறைக்காகப் பந்தய நிறுவனங்கள் செலுத்தும் 10 சதவீத லெவியில் மட்டும் முதல் 5 லட்சம் பவுண்டுக்கு விலக்கு இருந்ததால், நாங்கள் அதற்குள் வரவே இல்லை. சிறியவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி என்று நான் மனமாரப் பாராட்டுவது அது.

காலியான சந்தையில் நிறுவனமே தன் பணத்தை வைத்து விலை கொடுக்கலாமே என்று பலர் கேட்பார்கள். இடையீட்டாளர் உரிமம் அதற்கு இடம் தராது. பந்தயத்தில் தானே ஒரு தரப்பாக இறங்கினால் பொதுப் பந்தய உரிமமும் தனியாக வேண்டும். அதைவிட, வாடிக்கையாளர்களின் எல்லா ஆர்டர்களையும் பார்க்கக்கூடிய ஒருவரே அவர்களுக்கு எதிராக விலை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வெளியிலிருந்து ஒரு மார்க்கெட் மேக்கரை, அதாவது இரு பக்கமும் தொடர்ந்து விலை வைத்துச் சந்தையை நிரப்பும் நிறுவனத்தை, அழைத்தோம். கமிஷன் விலக்கோடு மாதக் கட்டணமும் கேட்டார்கள். அந்த மாதக் கட்டணமே எங்கள் மொத்தக் கமிஷனைத் தாண்டியது.

இதற்கிடையே விதிகளும் வளர்ந்தபடி இருந்தன. பந்தயம் வைக்கும் முன்பே வயதும் அடையாளமும் சரிபார்த்தல் 2019 மே முதலும், சூதாட்டத்திலிருந்து தம்மை விலக்கிக்கொள்வோரின் பொதுப் பதிவேடான கேம்ஸ்டாப்புடன் இணைப்பு 2020 மார்ச் முதலும், கிரெடிட் கார்டு தடை 2020 ஏப்ரல் முதலும் கட்டாயமாயின. மாதத்துக்கு நிகரமாக 500 பவுண்டுக்கு மேல் செலுத்துபவரின் நிதி நெருக்கடியைச் சரிபார்க்க வேண்டும் என்ற விதி 2024 ஆகஸ்டில் வந்து, 2025 பிப்ரவரியில் 150 பவுண்டாக இறங்கியது. இவற்றில் எதையும் நீக்கச் சொல்ல மாட்டேன்; கேம்ஸ்டாப்பில் தன்னைத் தானே விலக்கிக்கொண்ட ஒருவரை எங்கள் தளம் உள்ளே விடாமல் தடுத்த ஒவ்வொரு முறையும் அந்த விதி தன் வேலையைச் செய்தது. 2020இல் மேட்ச்புக்கின் உரிமமே சில மாதங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, 7 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதமும் விதிக்கப்பட்டது. அளவு சிறிது என்பதற்காக இந்தக் கடமைகளில் தளர்வு கேட்க முடியாது. ஆனால் ஆண்டுதோறும் வெளியார் செய்யும் பாதுகாப்புத் தணிக்கையின் செலவு வாடிக்கையாளர் ஆயிரம் பேர் என்றாலும் லட்சம் பேர் என்றாலும் ஏறத்தாழ ஒன்றுதான். உரிமத்தின் ஆண்டுக் கட்டணம் வருவாய்க்கு ஏற்பப் படிப்படியாக அமைந்திருப்பது போல, பல சிறு நிறுவனங்கள் ஒரே தணிக்கையைப் பகிர்ந்துகொள்ள வழி இருந்திருந்தால் இன்னும் சில காலம் தாக்குப்பிடித்திருப்போம்.

இறுதியில் உரிமத்தை ஒப்படைக்க முடிவு செய்தோம். முதலில் புதிய கணக்குகளை நிறுத்தினோம். பிறகு புதிய பந்தயங்களை நிறுத்தி, தீராமல் இருந்த நீண்டகாலப் பந்தயங்களை முடிவு வரும் வரை விட்டுவைத்தோம். கால்பந்து லீக் வெற்றியாளர் சந்தைகள் கடைசியாகத் தீர்ந்தன. மீதிப் பணத்தை எடுத்துக்கொள்ளும்படி எல்லோருக்கும் எழுதினோம். கார்டு காலாவதியானவர்களிடம் வங்கிக் கணக்கு விவரம் கேட்டு, அடையாளத்தை மறுபடி சரிபார்த்து அனுப்பினோம். எந்த முகவரியிலும் பதில் தராத சிலரின் தொகை, அவர்கள் எப்போது கேட்டாலும் கிடைக்கும்படி, அறங்காவலர் கணக்கிலேயே வைக்கப்பட்டது.