வாடை நின்றுவிட்டது, அண்ணே

"வாடை நின்றுவிட்டது, அண்ணே" என்று டேங்க் மேலிருந்து பையன் வாக்கி டாக்கியில் சொன்னான். "வாயு மீட்டர்?" என்று கேட்டேன். "சத்தமே இல்லை." "சரி, அளவெடுத்துவிட்டு இறங்கு" என்றேன். பேச்சு இவ்வளவுதான். ஆறு ஆண்டுகளாக அது என்னை விடவில்லை.

ஓமனில் அந்த ஷிஃப்டுக்கு நான்தான் பொறுப்பு. இரண்டு வாரம் முன்பு அதே பையனுக்கு வகுப்பு எடுத்தவனும் நான்தான். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டையாக நாறும், 100 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) அளவை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும், வாயு போய்விட்டது என்றே தோன்றும். 500-ஐத் தாண்டினால் ஆள் சாய்ந்துவிடுவான். 2003-இல் சீனாவின் சோங்சிங் பகுதியில் எரிவாயுக் கிணறு கட்டுமீறி 243 பேர் மாண்டதையும் சொல்லியிருந்தேன். அப்படிப்பட்ட நான், "வாடை நின்றுவிட்டது" என்று கேட்டதுமே "இறங்கு" என்று கத்தியிருக்க வேண்டாமா?

ஆனால் மீட்டர் இருந்ததே. 10 பி.பி.எம்.மிலேயே அலற வேண்டிய மீட்டர். மூக்கை நம்பாதே, மீட்டரை நம்பு என்பதுதானே பாடம்? அந்த டேங்கில் வாயு குறைவு என்று மூச்சுக் கருவி இல்லாமல் ஏறுவதுதான் அங்கே வழக்கம். காற்றும் திரும்பியிருந்தது, காற்றுத்திசை காட்டும் துணிக்குழாய் அவன் இருந்த பக்கத்துக்கு எதிரே பறந்ததைப் பார்த்தேன்.

இறங்கி வந்தவனுக்குக் கண்கள் சிவந்திருந்தன. தலைவலி என்றான். வெயில் என்று இருவருமே சொல்லிக்கொண்டோம்.

அன்றிரவு சோதனை வாயுவைக் காட்டிப் பார்த்தபோது அவனுடைய மீட்டர் மட்டும் அசையவில்லை. சென்சார் செத்திருந்தது, திரையில் மட்டும் நிதானமாக ஒரு பூஜ்யம். காலைப் பதிவேட்டில் அதற்கு நேரே சோதித்ததாக டிக் இருந்தது, கீழே என் கையெழுத்து. பன்னிரண்டு மீட்டர்கள், வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டுக்கும் வாயு காட்டினேன் என்றுதான் நினைவு. காலையில் வேலைசெய்த சென்சார் பகலில் கெட்டுப்போவதும் உண்டு. ஆனால் கடைசி இரண்டு மூன்றைத் திரை ஒளிர்ந்ததோடு விட்டுவிட்டேனோ என்று சில இரவுகளில் தோன்றும். தோன்றினால் பிறகு தூக்கம் இல்லை.

மீட்டர் செத்திருந்ததை மறுநாள் அவனிடம் சொன்னேன். டிக்கைப் பற்றிச் சொல்லவில்லை. "நல்லவேளை, காற்று திரும்பியது அண்ணே" என்றான். ஆமாம் என்றேன்.

காற்று திரும்பியது அவன் பேசுவதற்கு முன்பா, பிறகா? எவ்வளவு யோசித்தும் அது மட்டும் நினைவுக்கு வரவில்லை.