அக்காவின் அட்டவணையும் குறுகியகால உளச்சிகிச்சையும்

மனச்சோர்வுக்கும் மனப்பதற்றத்துக்கும் அளிக்கப்படும் குறுகியகால உளச்சிகிச்சை பெரும்பாலும் ஆறு முதல் பதினாறு அமர்வுகளுக்குள் நிறைவடைகிறது என்று சொன்னால், உறவினர்களில் பலர் நம்ப மறுக்கிறார்கள். பேசினால் மட்டும் நோய் தீருமா என்பது அவர்களின் கேள்வி. என் அக்கா சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் வீட்டு வாசலைத் தாண்டாமல் முடங்கிக் கிடந்து, பின்னர் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு ஓர் உளவியலாளரிடம் சென்றுவந்ததை உடனிருந்து பார்த்தவள் நான். அந்த அறையில் நடந்த பேச்சைவிட, அடுத்த அமர்வு வரும்வரை அவள் வீட்டிலும் வெளியிலும் செய்த சின்னச் சின்னக் காரியங்களே அவளை மீட்டன என்று உறுதியாகச் சொல்வேன்.

தொடக்கத்தில் ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். கடந்த இரண்டு வாரங்களில் ஆர்வம், தூக்கம், பசி, களைப்பு, தன்னைப் பற்றிய எண்ணம் ஆகியவை எப்படி இருந்தன என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பிட வேண்டும், அதிகபட்ச மொத்தம் 27. அதே படிவத்தை மீண்டும் மீண்டும் நிரப்புவதால், சிகிச்சை பலன் தருகிறதா என்பது நோயாளிக்கும் தெரிந்துவிடுகிறது.

அதன்பின் வந்ததுதான் அட்டவணை. மனம் சோர்ந்தவர் ஒதுங்குகிறார். ஒதுங்கியதால் மகிழ்ச்சியோ நிறைவோ தரக்கூடிய எதுவும் அவரை எட்டுவதில்லை. அதனால் சோர்வு இன்னும் கனக்கிறது. இந்தச் சுழலை உடைக்க, மனம் தெளியட்டும் என்று காத்திராமல், முன்கூட்டியே குறித்த நேரத்தில் குறித்த செயலைச் செய்துவிட வேண்டும். அக்காவுக்கு முதல் வேலை, காலையில் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கு இறங்கி ஒரு சுற்று நடப்பது. பிறகு என்னோடு தேக்கா சந்தைக்கு வந்து மீன் வாங்குவது. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதினாள். நடப்பதற்கு முன் இரண்டு, நடந்த பின் நான்கு என்று அவள் கையெழுத்திலேயே பார்த்தபோது, எங்கள் ஆறுதல் வார்த்தைகள் சாதிக்காததை அந்த எண்கள் சாதித்தன.

இங்கேதான் நம் குடும்பங்களின் அன்பு குறுக்கே வருகிறது. “நீ படுத்துக்கோ, நாங்க பாத்துக்கிறோம்” என்று பெரியம்மா சமையலறையை முழுவதும் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வேளைச் சமையலையாவது அக்காவிடமே திரும்பக் கொடுக்கும்படி உளவியலாளர் கேட்டுக்கொண்டது பெரியம்மாவுக்கு எளிதாக இல்லை; ஆயினும் கொடுத்தார்.

இந்தச் சிகிச்சைமுறை ஆய்விலும் பலன் காட்டியது. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக், சோர்வுற்றோரின் மனத்தில் தாமாக எழும் எண்ணங்களைச் சோதித்துத் திருத்தும் சிகிச்சையை உருவாக்கினார். செயல்களைத் திட்டமிடுவதும் அதில் ஓர் அங்கம். கோவாவின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில், மனநலத் துறைசாராத, பயிற்சி மட்டுமே பெற்ற ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில், இப்படிச் செயல்களைத் திட்டமிட்டுச் செய்யவைக்கும் செயலூக்கச் சிகிச்சை அளித்தபோது, கடுமையான சோர்வுற்றோரிடமும் முன்னேற்றம் தெரிந்ததாக 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. இதை வாசித்தபோது எனக்குப் பெரும் நம்பிக்கை பிறந்தது.

மனப்பதற்றத்திலும் தவிர்த்தலே எதிரி. கூட்டமான எம்ஆர்டி நகர ரயிலுக்கு அஞ்சி இறங்கிவிடுபவருக்கு உடனே கிடைக்கும் நிம்மதி, அடுத்த முறை அச்சத்தையே வளர்க்கிறது. ஆகவே கூட்டமில்லா நேரத்தில் ஒரு நிறுத்தம், பிறகு இரண்டு என்று படிப்படியாகப் பழக்குகிறார்கள்.

எல்லாருக்கும் இது மட்டும் போதாது. கடும் சோர்வுக்கு மருந்தும் சேர்ந்து தேவைப்படலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் அமர்வு நாளுக்காகக் காத்திருக்கவே கூடாது. சிங்கப்பூரில் 1767, 1771 ஆகிய உதவித் தொலைபேசி எண்களை எந்நேரமும் அழைக்கலாம். வீட்டுப் பெரியவருக்காக முன்பதிவு செய்பவர்கள், தமிழ் பேசும் உளவியலாளர் கிடைப்பாரா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். அட்டவணையை நிரப்ப வேண்டியவர் அவர், அதைத் தம் மொழியில் நிரப்பட்டும்.