சுங்கை சிப்புட் விடுமுறைக் குறிப்புகள்: அனைத்துலக உறவுகள், மூன்றாம் ஆண்டு

21 அக்டோபர் 2025, செவ்வாய்

அனைத்துலக உறவுகள் படித்தால் தூதரக வேலை கிடைத்துவிடுமா என்று தீபாவளிக்கு வந்திருந்த பெரியம்மா கேட்டார். மலேசிய வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவில் சேர நிர்வாக, அரசதந்திர அதிகாரிகளுக்கான தேர்வைத் தனியாக எழுத வேண்டும், வேறு துறைப் பட்டதாரிகளும் அதற்கு விண்ணப்பிக்கலாம் என்றேன். "பிறகு இதை ஏன் படிக்கிறாய்?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கான பதிலைப் பாட்டியின் பேச்சில் கேட்டேன்.

கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்கப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த மலாயா அவசரகாலம், பனிப்போர்ப் பாடத்தில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. 1948 ஜூன் 16 அன்று பேராக் மாநிலத்தில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டை ஒட்டிய தோட்டங்களில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதுதான் அந்தப் பிரகடனத்துக்கு உடனடிக் காரணம். போரால் கடன்பட்டிருந்த பிரிட்டனுக்கு டாலர் ஈட்டித் தந்தவை மலாயாவின் ரப்பரும் ஈயமும் என்பதால், அவற்றை விட்டுக்கொடுக்க லண்டன் துணியவில்லை. பாட்டிக்கு லண்டனும் டாலரும் நினைவில் இல்லை. லயத்தைச் சுற்றி அடித்த முள்வேலியும், அளந்து கொடுத்த அரிசியும், வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகத் தடை இருந்ததும் நினைவிருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த அரைப் பக்கம் விளங்கும்.

23 அக்டோபர், வியாழன்

மாமாவின் மூன்று ஏக்கர் பால்மரக் காட்டுக்குப் போனோம். இரவு மழையில் வெட்டுப்பட்டை நனைந்திருந்ததால் பால் வெட்டவில்லை. பால் பிடிக்கும் மங்குகளில் தேங்கிய தண்ணீரை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டே போனார் மாமா. காட்டின் இருப்பிடத்தைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டியிருக்கும் என்று ரப்பர் வாங்குபவர் சொன்னாராம். "எங்கேயோ இருக்கிற ஐரோப்பாக்காரனுக்கு என் மரம் எங்கே நிற்கிறது என்று ஏனம்மா தெரிய வேண்டும்?" என்று கேட்டார்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய காடழிப்புத் தடுப்புச் சட்டத்தை எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். ரப்பர், செம்பனை, கொக்கோ, காப்பி, சோயா, மரம், மாடு ஆகிய ஏழும் அதில் அடங்கும். சட்டம் நடப்புக்கு வந்ததும், 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த இவற்றில் எதையும் அங்கே விற்க முடியாது. நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்துக்கு எல்லைக்கோடு முழுவதும் வேண்டும். மாமாவுடையதைப் போன்ற சிறு நிலத்துக்கு ஒரே புள்ளி போதும், ஆனால் அகலாங்கும் நெட்டாங்கும் ஆறு தசம இடங்கள்வரை வேண்டும். கைப்பேசியைத் திறந்து காட்டினேன். வடக்கே 4.8, கிழக்கே 101 என்று தொடங்கிய எண்களை மாமா ரப்பர் ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

காடுகள் காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இருப்பினும், தன் காடுகளை எப்போதோ வெட்டித் தீர்த்த ஒரு கண்டம் எழுதும் விதியின் செலவு, விலையைத் தீர்மானிக்கும் வலுவில்லாத சிறுதோட்டக்காரர் தலையில் இறங்குகிறது. ஏற்கெனவே ஒருமுறை ஒத்திவைக்கப்பட்ட சட்டம் இது. அந்த அவகாசத்தில் இவர்களுக்கு யார் வந்து சொல்லிக்கொடுத்தார்கள்?

26 அக்டோபர், ஞாயிறு

கோலாலம்பூர் உச்சநிலை மாநாட்டில் தீமோர்-லெஸ்தே, தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் பதினோராவது உறுப்பு நாடானதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். 1975இல் இந்தோனேசியப் படை புகுந்த நாடு, 2002இல் விடுதலை பெற்று, 2011இல் விண்ணப்பித்து, இத்தனை ஆண்டுகள் காத்திருந்தது. ஆசியானில் முடிவுகள் வாக்கெடுப்பில் எடுக்கப்படுவதில்லை. முஷாவரா, முஃபாகாட் என்னும் வழக்கப்படி கூடிப் பேசி, எல்லோரும் இசையும்வரை பொறுத்திருப்பார்கள். இந்தப் பொறுமைதான் பழைய பகையாளிகளை ஒரே மேசையில் உட்கார வைக்கிறது. 2021 ஏப்ரலில் மியன்மார் நெருக்கடியைத் தீர்க்க ஒப்புக்கொண்ட ஐந்து அம்சங்கள் பெரும்பாலும் ஏட்டளவில் நிற்பதற்கும் இதே வழக்கம் ஒரு காரணம். பண்பாட்டுப் பாடங்களைப் புள்ளிக்காக எடுக்கும் எளிய பாடங்களாக நினைக்கும் நண்பர்களிடம், ஒரு வட்டாரத்தின் வழக்கம் தெரியாமல் அதன் அரசியல் விளங்காது என்றுதான் சொல்லி வருகிறேன்.

1967 ஆகஸ்டு 8 அன்று பாங்காக்கில் ஆசியானைத் தொடங்கிய பிரகடனத்தில் சிங்கப்பூருக்காகக் கையெழுத்திட்ட வெளியுறவு அமைச்சர் எஸ்.ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிரம்பான் பக்கத்து ரப்பர்த் தோட்டச் சூழலில் வளர்ந்தவர் என்று பெரியம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "தோட்டத்துப் பிள்ளையா?" என்று இரண்டு முறை கேட்டார்.

29 அக்டோபர், புதன்

இறுதியாண்டு ஆய்வுக்கான தலைப்பை மேற்பார்வையாளருக்கு அனுப்பிவிட்டேன்: ஐரோப்பியக் காடழிப்புச் சட்டமும் பேராக் சிறுதோட்டக்காரர்களும். ஒன்றியத்தின் சட்ட வாசகத்தோடு நேர்காணல்களையும் சேர்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். மாமாவும் அவர் பக்கத்துக் காட்டுக்காரரான சீனப் பெரியவரும் பேச ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பெரியவருக்கு மலாயில் கேள்விகள் எழுத வேண்டும். அந்த வேலையை இன்றிரவே தொடங்குகிறேன்.