தூக்குச்சட்டி வேலை

மே 11, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் அசன வேலைக்குப் பெயர் எழுதினார்கள். அசனம் என்றால் சபையார் எல்லோரும் கோயிலில், அதாவது சர்ச்சில், சேர்ந்து சாப்பிடும் விருந்து. பந்தி பரிமாற வாலிபர்கள் முண்டியடித்தார்கள். நடக்க மாட்டாத பெரியவர்களின் வீட்டுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோகத்தான் ஆளில்லை. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்குட்டி அண்ணாச்சி என்னைக் கேட்காமலே என் பெயரைச் சொல்லிவிட்டார். சரி, போவோம்.

மே 13, செவ்வாய்

அசனத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் அண்ணாச்சி வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போனார். எதற்கென்று முதல் வீட்டிலேயே புரிந்தது. "கறி வேண்டாம்யா, பல்லு இல்ல. ரசம் ஊத்திக் குழைச்ச சோறு போதும்" என்றார் பாட்டி. அடுத்த வீட்டுத் தாத்தாவுக்குச் சர்க்கரை. சோறு கொஞ்சம், கறி கூட. அண்ணாச்சி எதையும் எழுதிக்கொள்ளவில்லை, எல்லாம் மனசிலேயே இருக்கிறது.

பாட்டி இன்னொன்றும் சொன்னார்: "கிறிஸ்மஸுக்கு வாராவ, பாடுதாவ, ஜெபம் பண்ணிட்டுப் போயிருதாவ. உக்காந்து பேச ஒருத்தருக்கும் நேரமில்ல."

பெரிய வியாழன் ஞாபகம் வந்தது, இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்துக் கோயிலில் கால் கழுவும் நாள். அன்றைக்குக் கால் கழுவக் கொடுக்கிறவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கோயிலுக்கு வருகிறார்கள். யோவான் 13இல் இயேசு கழுவியது தெருப்புழுதி படிந்த கால்களை.

மே 15, வியாழன்

ராத்திரி அசரியாவைப் பற்றிப் படித்தேன். நம்ம வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்க முன்னின்றவர்களில் ஒருவர். 1912இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்குப் பேராயர், அதாவது பிஷப், ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். நம் ஊர் மேடைகளில் இந்தப் பெருமையைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த மிஷனரி மாநாட்டில் அவர் பேசியது. வெள்ளைக்கார மிஷனரிகளை நேருக்கு நேர் பார்த்து, ஏழைகளுக்காக உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலையே கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். கூட்டத்தில் பலருக்கு அது கசந்தது. உதவி செய்கிறவன் எப்போதும் ஒரு படி மேலே நின்றே கொடுக்கிறான் என்பதை அவர் சொல்லிக் காட்டிவிட்டாரே! இன்று சபைக்குள் நாமும் அதே படியில்தான் நிற்கிறோம். பாட்டி சொன்னதும் இதுதான், எடின்பரோ போகாமலே.

மே 16, வெள்ளி

விடிய விடியக் கத்தரிக்காய் வெட்டு. கை கறுத்துவிட்டது.

மே 17, சனி

அசனம். பந்தி தொடங்குமுன் அண்ணாச்சி சட்டிகளை நிரப்பிவிட்டார். குழைச்ச சோறு தனி, கறி கூடின சட்டி தனி. கடைசி வீடாகப் பாட்டி வீட்டை வைத்துக்கொண்டார். அங்கே அவசரப்பட வேண்டாமாம். பாட்டி சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்து, பம்பாய்க்குப் போன மகன் கதையைக் கேட்டோம். அண்ணாச்சிக்கு அது பழைய கதை, இருந்தாலும் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நாங்கள் கோயிலுக்குத் திரும்பியபோது கறி தீர்ந்திருந்தது. சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டோம்.

பாட்டிக்கு ரேஷன் கடையில் கைரேகை வைக்க வேண்டுமாம். அண்ணாச்சியின் டிவிஎஸ்ஸில் அவரால் உட்கார முடியாது. புதன்கிழமைக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறேன்.