தலையால் முட்டுவதும் தப்புதான்

எவாண்டர் ஹோலிஃபீல்டு எனக்கு ரொம்பப் பிடித்த குத்துச்சண்டை வீரர். குறைந்த எடைப் பிரிவான குரூசர்வெயிட்டில் எல்லாப் பட்டங்களையும் அள்ளிவிட்டு, மேல் எடைப் பிரிவான ஹெவிவெயிட்டுக்கு ஏறி வந்து, 1990இல் அப்போதைய சாம்பியன் பஸ்டர் டக்ளஸை மூன்றாவது சுற்றிலேயே சாய்த்தவர். ஆனால் நெருங்கி மோதும்போது குத்துக்கு முன்னால் அவர் தலை உள்ளே போய்விடும். கீழ் எடையில் இருந்து வந்தவர்தானே, அதைப் பெரிதுபடுத்தக் கூடாது என்கிறார்கள் சிலர்.

1997, லாஸ் வேகஸ், மைக் டைசனுடன் ஹோலிஃபீல்டு மோதிய போட்டி. இரண்டாவது சுற்றில் தலை மோதி டைசனின் வலது புருவத்துக்கு மேல் கிழிந்து ரத்தம் வழிகிறது. தற்செயல் என்று விட்டுவிட்டார் நடுவர் மில்ஸ் லேன். முந்தைய ஆண்டு மோதலிலும் இதே கதைதான்.

அப்புறம் டைசன் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்ததற்கு எந்த நியாயமும் கிடையாது, தகுதி நீக்கம் சரியே. அதற்காக, கீழ் எடையில் இருந்து வந்தவர் என்று தலையால் முட்டுவதைக் கண்டுகொள்ளாமல் விடுவதை என்னால் ஏற்க முடியாது. அந்த இரண்டாவது சுற்றிலேயே ஹோலிஃபீல்டுக்கு ஒரு புள்ளியைக் குறைத்திருக்க வேண்டும்.