மணல் ஒட்டினால் பட்டினம்

எட்டாம் வகுப்பில் எங்களுக்குத் தமிழ் எடுத்த ஐயா சிவப்பு மையைத் தொடவே மாட்டார். பென்சிலால்தான் திருத்துவார். "நாளைக்கு நீயே அழிச்சுட்டு எழுதிக்கலாம்" என்பார். அந்தப் பென்சிலிடம் நான் முதலில் மாட்டியது ஒரு லீவு லெட்டரில். காய்ச்சல், மூன்று நாள் விடுப்பு, இப்படிக்குக் கீழ்ப்படிதலுள்ள மாணவன், பெரியபட்டணம். காய்ச்சல் பொய் என்று அவருக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு ஊர்ப்பெயரைச் சுற்றி வட்டம் போட்டார்.

"உங்க ஊர்த் தெருவுல நடந்தா கால்ல என்னடா ஒட்டும்?"

"மணல் ஐயா."

"மணல் ஒட்டினா பட்டினம். செருப்போட நடக்கிற ஊர் பட்டணம். போய் மாத்து."

கடற்கரை ஊர் என்றால் பட்டினம், பெருநகர் என்றால் பட்டணம் என்பது பழைய வழக்கு. காவிரி கடலில் விழுந்த இடம் காவிரிப்பூம்பட்டினம், அதைப் பாடிய பாட்டு பட்டினப்பாலை, அந்த ஊர்த் துறவி பட்டினத்தார். நம் ராமநாதபுரம் கரையிலும் தேவிபட்டினம், பாசிப்பட்டினம், சுந்தரபாண்டியன்பட்டினம் (எஸ்.பி.பட்டினம் என்றால்தான் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பார்) எல்லாமே உப்புக்காற்று ஊர்கள்தான். ஆனால் தேவிபட்டினத்துக் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கோயிலுக்குப் போகும் வழியில் நீங்களே பார்த்திருப்பீர்கள்: ஒரு போர்டில் தேவிபட்டினம், அடுத்த போர்டில் தேவிபட்டணம்.

அன்றைக்கே பின் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "அப்ப சென்னப்பட்டணம் ஐயா? அங்கயும் கடல் இருக்கே!" ஐயா கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். மணி அடித்துவிட்டது. மறுநாள் உள்ளே வந்ததும் வராததுமாக, "நேத்து அவன் கேட்டது சரிடா" என்றார். அதைச் சொல்ல அவர் ஒரு ராத்திரி எடுத்துக்கொண்டார் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. "ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளைங்க. வடமொழியிலயும் பத்தனம், பட்டணம்னு சொந்தக்காரங்க இருக்காங்க. புழங்கிப் புழங்கி நாமதான் ஒண்ணைக் கடலுக்கும் ஒண்ணை நகரத்துக்கும் பங்கு பிரிச்சோம். பங்காளிக வீடு மாறிப் போய் உக்காந்துக்கிறது உண்டுதானே?" அப்படியென்றால் என் லீவு லெட்டரில் என்ன தப்பு என்று கேட்டேன். "ஊர்க்காரன் தன் ஊரை எப்படிச் சொல்றானோ அதுதான்டா ஊர்ப்பேரு. நீ உன் ஊரையே வெளியூர்க்காரன் மாதிரி எழுதியிருக்கே."

கீழக்கரையைக் ‘கீழக்கறை’ என்று எழுதுகிற பையன்களை அவர் அதிகம் திட்டமாட்டார். கரையும் கறையும் ஒன்றுக்கொன்று ஒட்டுறவே இல்லாதவை; காது ஏமாந்ததோடு சரி, நாலு முறை இம்போசிஷன் எழுதினால் போய்விடும். உறவுச் சொற்கள்தான் பாடாய்ப் படுத்தும், ஏனென்றால் அங்கே பிழைக்கும் ஒரு நியாயம் இருக்கும். கறுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கருமேகத்துக்குச் சின்ன ரு, கறுப்புக்கு மட்டும் ஏன் பெரிய று? "கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள" என்று தொல்காப்பியத்தைச் சொன்னார் ஐயா. கோபத்தில் முகம் கறுத்துப் போகிறதே, அந்தக் கறுப்பு. நிறத்துக்கும் அது வரும் என்று அடுத்த நூற்பாவே சொல்கிறது. இன்றைக்குக் கருப்பு என்றும் எல்லோரும் எழுதுகிறார்கள், அவரும் வட்டம் போட்டதில்லை.

ஆனால் கருப்பட்டியில் எங்களை நன்றாக ஏமாற்றினார். சாயல்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் ஓலைக்கொட்டானில் கொண்டுவந்திருந்தான். ஆளுக்கொரு துண்டு கொடுத்து, "ஏன் இந்தப் பேரு?" என்றார். கறுப்பாக இருப்பதால் என்று மொத்த வகுப்பும் கத்தியது. வாயில் கருப்பட்டியோடு கத்தியதில் எச்சில்தான் தெறித்தது. இல்லையாம். கரும்பு, கருப்பு ஆகி, கருப்புக்கட்டி, கருப்பட்டி. பனையில் வந்த கட்டிக்குக் கரும்பின் பெயர்! நிறத்தை நினைத்து ‘கறுப்பட்டி’ என்று எழுதியவனைத் தமிழ் தெரியாதவன் என்று எப்படிச் சொல்வது?

இதெல்லாம் பள்ளிக்கூடத்து விளையாட்டு என்று நினைத்திருந்தேன். வளைகுடாவில் வேலைக்குச் சேர்ந்தபோது பிறப்புச் சான்றிதழில் பட்டணம், டி.சி.யில் பட்டினம். இங்கிலீஷில் ஓர் ஏ-யும் ஓர் ஐ-யும். அந்த ஓரெழுத்துக்காக ஒரு அலுவலகத்தில் ஐந்து முறை வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்தவரிடம் கால் மணல் கதையைச் சொல்லவா முடியும்? அப்புறம், 14ஆம் நூற்றாண்டில் இந்தக் கரைக்கு வந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா ‘ஃபத்தன்’ என்று ஒரு துறைமுகத்தை எழுதிவைத்திருக்கிறார். அரபியில் ‘ப’ (p) ஒலி இல்லை, அதனால் ஃப. அது எந்தப் பட்டினம் என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு ஓடுகிறது; பெரியபட்டினம்தான் என்பவர்களும் உண்டு. நான் எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த மலரின் முகவரிப் பக்கங்களைப் பிழை பார்க்க எனக்கு அனுப்பியிருந்தார்கள். பெரியபட்டணம், தேவிபட்டணம் எல்லாவற்றையும் பென்சிலால் வட்டமிட்டு மாற்றினேன். ஒன்றை மட்டும் பழையபடி ஆக்க வேண்டியிருந்தது. அன்று சென்னப்பட்டணத்தைக் கேட்ட பின் பெஞ்சுக்காரன் தன் முகவரியில் ‘பட்டணத்தார் வீடு’ என்று கொடுத்திருந்தான். யாரோ அதைப் பட்டினத்தார் வீடு என்று திருத்திவிட்டார்கள். அவனுடைய தாத்தா துறவி அல்ல. சென்னையில் கடை போட்டுச் சம்பாதித்து, செருப்புப் போட்டுக்கொண்டு ஊர் திரும்பியவர்.