எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன் தாயே

2021 ஏப்ரல் கடைசியில் வைத்தீஸ்வரன் கோயில் கும்பாபிஷேகம், கொரோனாவால் பக்தர்கள் இல்லாமலே நடந்தது. மன்னார்குடி வீட்டில் போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். அத்தான் அப்போது ஆஸ்பத்திரியில், ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். கலசத்தில் தீர்த்தம் விழுந்ததும் அப்பா எழுந்து நின்று, "மாப்பிள்ளையை மீட்டுக் குடு தாயே, எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன்" என்றார்.

அத்தான் 22ஆம் நாள் வீடு வந்துவிட்டார். அந்த 'எல்லாரும்'தான் சேரவில்லை. ஒரு வருஷம் தங்கைக்கு லீவு இல்லை, அடுத்த வருஷம் பெரியம்மா தவறிப்போனார். கடைசியில் 2024 மாட்டுப் பொங்கல் வாய்த்தது, அதுவும் அந்தக் கோயிலுக்கு உகந்த செவ்வாய்க்கிழமை. ஆனால் சாயங்காலம் மாட்டுக்குப் பொங்கல் வைக்க வீட்டில் இருந்தாக வேண்டும். அதனால் விடியற்காலை 4 மணிக்கே வேன். அத்தானின் நண்பர் ஒருவர். அந்த 22 நாளும் ஆஸ்பத்திரி வாசலுக்கு ரசம் சாதம் தூக்கிக்கொண்டு அலைந்தவர். அவரை அப்பாவே வீடு தேடிப் போய் அழைத்து வந்தார்.

திருவாரூர், பேரளம், மயிலாடுதுறை என்று போனதே தெரியவில்லை. வேனை விட்டு இறங்கியதும் நாடி ஜோசியக்காரர்கள் மொய்த்துக்கொண்டார்கள். "கட்டைவிரல் ரேகை மட்டும் வைங்க சார்." ஒருவர் அத்தானின் கையையே பிடித்துவிட்டார். "விரலில் கிளிப்பு மாட்டி ஏற்கெனவே எல்லாம் பார்த்துட்டாங்க, விடுங்க" என்றார் அத்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அக்கா முன்னால் நடந்தாள்.

சித்தாமிர்தக் குளத்தில் வெல்லம் கரைத்து, உப்பு மிளகு போட்டு, வரிசைக்கு வந்தால் அம்மாடி, என்ன கூட்டம்! இரண்டு மணி நேரம். குழந்தைகள் கம்பிக்கு அடியில் தொங்குகின்றன, பின்னால் இருந்து முழங்கையால் ஒரு தள்ளு, காசு கொடுத்தால் சீக்கிரம் விடுகிறேன் என்று ஒருவர் காதில் கிசுகிசுப்பு. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

தையல்நாயகி அம்மன் சந்நிதியில் அதெல்லாம் எங்கே போனதோ. பச்சைப் புடவை, எலுமிச்சை மாலை, ஒற்றைத் தீபத்தில் மூக்குத்தி. குருக்கள் பேர் நட்சத்திரம் கேட்டார். அப்பா முதலில் அத்தான் பேரைச் சொல்வார் என்றுதான் நினைத்தோம். நண்பரின் பேரைச் சொன்னார். "மக நட்சத்திரம், சிம்ம ராசி." எப்போது கேட்டு வைத்துக்கொண்டார் என்று இன்றுவரை தெரியாது. "கோத்திரம்?" என்றார் குருக்கள். "எங்க கோத்திரமேதான் சாமி, எழுதிக்குங்க." அந்த நண்பர் சட்டென்று தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். தீபாராதனைக்கு அத்தான்தான் அவர் கையைப் பிடித்து முன்னால் இழுத்து வந்தார். தாயே, உனக்கு என்ன செய்து தீர்ப்பேன்!

முருகன் செல்வமுத்துக்குமாரனைப் பார்த்தோம், செவ்வாய் பகவான் அங்காரகனைப் பார்த்தோம், மருந்துப் பிரசாதமான திருச்சாந்துருண்டை வாங்கினோம், சரி. அர்த்தஜாமம் வரை இருந்து, முருகனுக்குச் சாத்தும் நேத்திரப்பிடிச் சந்தனம் வாங்க முடியவில்லையே என்று அம்மாவுக்கு வருத்தம்.

"அதுக்கு இன்னொரு தடவை வரணும்" என்றார் அப்பா. வேனிலேயே எல்லோரிடமும் தேதி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

வீடு சேரும்போது மணி ஐந்தரை. மாடு கத்திக்கொண்டிருந்தது. நண்பர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கொம்புக்கு மாலை கட்டப் போனார்.